பழைய காரைப் பேணும் ஒழுங்கு

மலர்க் குழுவினர் எம்மிடம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் ஒருவன் மோட்டார்க் காரைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகவும் இருத்தல் கூடும். எனினும், எம் இல்லத்திலே நிற்கும் பழைய கார் ஒன்றினால் யாம் கற்ற பாடம் எம்முடன் நின்றுவிடுதல் தகாது எனக் கருதியே இதனை வரைகின்றோம். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலரின் வீட்டுக் கொட்டில்களிலே தந்தையரும் பேரரும் ஓட்டிய கார்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றைத் தம் கையாலே திருத்தி ஓட்ட விரும்புவோர்க்கு இக்கட்டுரை ஒரு சிறிதேனும் பயன்படுமாயின் யாம் எழுதியதன் நோக்கம் நிறைவேறியதாகும்.

காரும் அதன் வரலாறும்

எமது கார் 'றைலி ஒன் பொயின்ற் பைவ்' எனப்படும் இனத்தது. இங்கிலாந்திலே 1957 முதல் 1965 வரை செய்யப்பட்ட இவ்வினக் கார், நம்மவர் எல்லோரும் அறிந்த மொறிஸ் மைனரின் அடித்தளத்தையும் முன்சில்லுகளைத் தாங்கும் அமைப்பையும் கொண்டது. ஆயின், உள்ளே இருப்பதோ 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின். அக்காலத்து எம்.ஜி.ஏ. என்னும் பந்தயக் காரை இயக்கியதும் இவ்வெஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்ததே. மைனருக்குக் காபரேற்றர் ஒன்று, இதற்கு இரண்டு. மணிக்கு 80 மைலுக்கு மேல் விரைய வல்லது. குடும்பத்தவர் நால்வர் அமரும் வசதியும் பந்தயக் காரின் விரைவும் ஒருங்கே அமைந்த இத்தகைய கார்களையே ஆங்கிலேயர் 'ஸ்போர்ட்ஸ் சலூன்' என்றனர்.

இக்காரை எமக்கு விட்டுச் சென்றவர் எம் அம்மான். அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. 1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டு, வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தை நம்முள் நடுவயதினர் மறந்திரார். அந்நாளிலே யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ 40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதனைப் பொறுத்தன. றைலியின் எஞ்சினோ அழுத்தம் மிக்கது. மண்ணெண்ணெயை ஊற்றினால் உள்ளே சம்மட்டி அடிப்பது போன்ற ஒலி எழும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப் போகச் செய்யும். இவற்றை அறிந்திருந்த அம்மான், காரைக் கற்களின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

1995 ஒற்றோபர் இடப்பெயர்வின்போது எமக்கு வயது பதினைந்து. அம்மான் காணி உறுதிகளையும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் வைத்த பையினுள்ளே பழைய குறிப்புப் புத்தகம் ஒன்றையும் வைத்தமை எமக்கு நன்கு நினைவிருக்கின்றது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது காரின் ரயர்களும் பற்றறியும் இல்லை, கண்ணாடிகள் உடைந்திருந்தன. கார் நின்றது. அம்மான் மறைந்தபின், 2010 இலே, அக்காரும் குறிப்புப் புத்தகமும் எம் கைக்கு வந்தன.

வல்லை வெளியிலே கற்ற பாடம்

விரைவுக்குப் பேர்போன கார் ஒன்று கைக்கு வந்தால், அதன் விரைவை மீட்பதிலேயே உள்ளம் செல்லும். யாமும் அதற்கு விலக்கல்லோம். முதலிலே காபரேற்றர்கள் இரண்டையும் கழற்றித் துப்பரவு செய்தோம். முழக்கம் மிக்க புதிய புகைக்குழாய் ஒன்றைப் பூட்டுவித்தோம். பின்னர்ப் பெயின்ற் பூசுவித்தோம். பிறேக் அமைப்பிலே கண்ணுக்குத் தெரிந்த ஒழுக்கு எதுவும் இல்லாமையால், திரவத்தை நிரப்பியதோடு அமைந்தோம்.

2014 ஆம் ஆண்டிலே ஒரு ஞாயிறு மாலை, பருத்தித்துறையிலிருந்து மனைவி மக்களுடன் திரும்பிக்கொண்டிருந்தோம். வல்லை வெளியின் நேரிய தெருவிலே கார் தன் இயல்பான விரைவில் ஓடிற்று. பாலத்துக்கு அண்மையிலே சிறுவன் ஒருவன் ஆடுகளைத் தெருவுக்குக் குறுக்கே சாய்த்துக்கொண்டு வந்தான். பிறேக்கை மிதித்தோம், மிதி நிலத்தட்டுவரை தாழ்ந்தது. மீண்டும் மிதித்தோம், பயனில்லை. கியரை மூன்றுக்கும் இரண்டுக்குமாக இறக்கி, கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தோம். கார் நின்றபோது அதற்கும் அச்சிறுவனுக்கும் இடையே இரண்டு பாக இடைவெளிகூட இருந்ததில்லை. மனைவி ஒன்றும் கூறாது பிள்ளைகள் இருவரையும் இறக்கித் தெருவோரத்திலே நின்றார். அந்த மௌனம் இன்றும் எம்மைச் சுடுகின்றது.

காரை இழுத்து வந்தபின், அயலூர் முதிய மெக்கானிக் ஒருவர் பின்சில்லைக் கழற்றிப் பார்த்தார். பிறேக் சிலிண்டரின் ரப்பர் வளையம் நைந்து, திரவம் முழுவதும் டிரம்மினுள்ளே ஒழுகியிருந்தது. அவர் எம்மை நோக்கி, "ஓடப் பண்ணின நீங்கள், நிக்கப் பண்ண மறந்திட்டியள், மாஸ்ரர்" என்றார்.

அன்றிரவுதான் அம்மானின் குறிப்புப் புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து படித்தோம். அதுவரை காபரேற்றரைப் பற்றிய பக்கங்களை மட்டுமே புரட்டியிருந்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் எழுதிய குறிப்பு ஒவ்வொன்றும் நான்கு தலைப்புகளாக, ஒரே ஒழுங்கில் அமைந்திருந்தது: நிறுத்தம், திருப்பம், குளிர்ச்சி, ஓட்டம். விரைவு இறுதியிலேயே நின்றது. இக்கட்டுரை கூற விழைவதும் இவ்வொழுங்கினையே.

முதலாவது: நிறுத்தம்

பிறேக் மிதியை அழுத்தும்போது மாஸ்ரர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய்களின் வழியே நான்கு சில்லுகளுக்கும் தள்ளப்படுகின்றது. திரவம் அமுங்காது, ஆதலின் காலின் விசை அப்படியே சில்லைச் சென்றடையும். காற்று அமுங்கும், ஆதலின் குழாயிலே காற்றுப் புகுந்தால் மிதி பஞ்சுபோல் அமிழும். பழைய கார்களிலே நான்கு சில்லுகளுக்கும் திரவச் சுற்று ஒன்றே. எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் ஒருங்கே செயலிழக்கும். வல்லை வெளியிலே எமக்கு நேர்ந்தது இதுவே. கைப்பிறேக் கம்பியினால் இயங்குவது. ஆகவே அது தப்பியது.

நீண்ட காலம் நின்ற காரிலே ரப்பர்ப் பாகங்கள் அனைத்தும் ஐயத்துக்குரியன. சிலிண்டர் வளையங்களையும் வளையும் ரப்பர்க் குழாய்களையும் பார்வைக்கு நன்றாயிருப்பினும் மாற்றிவிடுதலே அறிவு. இரும்புக் குழாய்களைக் கடற்காற்றுத் தின்னும். அவற்றைத் துடைத்துப் பார்த்து, கறள் கண்டால் செம்பும் நிக்கலும் கலந்த குழாய்களை இடுக. பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் மிகுந்தால் உள்ளே கறள் ஏறும். சூட்டிலே நீர் ஆவியாகி மிதி தாழும். ஆதலின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவம் முழுவதையும் மாற்றுதல் வேண்டும். அவசரத்துக்கும் எஞ்சின் ஒயிலை அதனுள் விடலாகாது. ரப்பர் வீங்கி அமைப்பு முழுவதும் கெடும்.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் மிதியில் இருக்க, மற்றவர் சில்லின் பின்னே உள்ள சிறு திருகிலே குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைத் திரவம் உள்ள கண்ணாடிப் போத்திலில் அமிழ்த்துக. மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சில்லிலே தொடங்குக. மிதியை அழுத்தும்போது திருகைத் திறந்து, மிதி கீழே இருக்கும்போதே மூடுக. குமிழி வருவது நிற்கும்வரை இவ்வாறு செய்க. இடையிலே மேற்கலம் வற்றினால் மீண்டும் காற்றுப் புகும். எம் வீட்டிலே மிதியில் இருப்பவர் எம் மகள். "அழுத்து", "விடு" என்னும் இரண்டு ஏவல் வினைகளே அவ்வேளையில் எமக்குரிய இலக்கணம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே புகலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்த பின்பே புகுதல் வேண்டும். பழைய பிறேக் பட்டைகளிலே அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கும். அத்தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஊதாது, ஈரத் துணியால் துடைத்து அத்துணியைக் கட்டி அகற்றுக.

வேலை முடிந்ததும் மிதியை ஒரு நிமிடம் இறுக அழுத்திப் பிடிக்க. சிறிதும் தாழாதாயின் வளவினுள்ளே ஓட்டிப் பார்க்க. அதன்பின் அனுபவம் உள்ள ஒருவரின் கண்ணுக்கும் காட்டிய பின்னரே தெருவுக்குச் செல்க. தன் கையால் செய்தல் பெருமையே. பிறேக்கைப் பொறுத்தவரை இரண்டாவது சோடிக் கண்கள் அப்பெருமையைக் குறைக்கமாட்டா.

இரண்டாவது: திருப்பம்

பழைய மைனர் கார் ஒன்று தெருவோரத்திலே முன்சில்லை மடித்துக்கொண்டு குந்தியிருந்த காட்சியை மூத்தோர் கண்டிருப்பர். றைலிக்கும் அந்நோய் உண்டு. முன்சில்லைத் தாங்கும் நிலைக்குத்தான தண்டு, மேலும் கீழும் திருகுமரை கொண்ட மூட்டுகளிலே பொருந்தி, சுக்கானைத் திருப்புந்தோறும் சுழல்கின்றது. கிறீஸ் இல்லையேல் மரை தேயும்; தேய்ந்த மரையிலிருந்து தண்டு கழன்றால் சில்லு சரிந்து வீழும். இதற்கு மருந்து மிக மலிவானது. 1000 மைலுக்கு ஒருமுறை, காரை உயர்த்திச் சில்லின் பாரத்தை நீக்கி, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை புதியதைச் செலுத்துக. அப்போதே சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தால், மூட்டின் தேய்வு கைக்குத் தெரியும்.

ரயரின் பள்ளம் ஆழமாயிருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. பழைய கார்கள் மிகுதியாக ஓடுவதில்லை. ஆதலின் அவற்றின் ரயர்கள் தேய்வதற்கு முன்பே முதுமையால் இறுகி வெடிக்கின்றன. 2000 ஆம் ஆண்டின் பின் செய்யப்பட்ட ரயர்களின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என இருப்பின், அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையிலே செய்யப்பட்டது. பத்து ஆண்டு கடந்த ரயரை, அது எத்துணை அழகாயிருப்பினும், கழற்றிவிடுக.

கறளையும் இங்கே கூறுதல் பொருந்தும். பின்வில்லுகள் பொருந்தும் இடமும் கதவுகளின் கீழுள்ள பகுதியுமே முதலில் உக்குவன. அவை அழகுக்கு மட்டும் உரியன அல்ல. காரின் எலும்புகள் அவை. கறளின் மேற் பெயின்ற் பூசுதல் ஆறாத புண்ணுக்குச் சந்தனம் பூசுவதை ஒக்கும். யாம் பூசுவித்த பெயின்றும் இரண்டு மாரிக்குள் கொப்பளித்தது. உக்கிய தகரத்தை வெட்டி ஒட்டுவித்து, நீர் வடியும் சிறு துளைகளை அடைபடாது வைத்த பின்பே நிறம் தங்கிற்று.

மூன்றாவது: குளிர்ச்சி

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லின் வழியே ஊறி வருவது. தேநீர்க் கேத்திலின் அடியிலே வெண்மையாகப் படியும் அதே சுண்ணாம்பு றேடியேற்றரின் நுண்ணிய குழாய்களிலும் படியும். பின்னர் நீர் நிறைந்திருந்தும் எஞ்சின் கொதிக்கும். ஆகவே கிணற்று நீரை விடுத்து, காய்ச்சி வடித்த நீருடன் கறள் தடுக்கும் திரவத்தைக் கலந்து ஊற்றுக. எஞ்சின் சூடாயிருக்கும்போது றேடியேற்றரின் மூடியைத் திறத்தல் ஒருபோதும் ஆகாது.

நம் நாடு வெப்ப நாடு எனக் கூறித் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கம் பலரிடம் உண்டு. அது பிழை. தேர்மோஸ்ரற் எஞ்சினைத் தக்க சூட்டுக்கு விரைவிற் கொணர்வது. அஃதின்றேல் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், தேய்வு மிகும், பெற்றோலும் வீணாகும். கொதிக்கும் காருக்குக் காரணம் வேறிடத்தே இருக்கின்றது. அதனைத் தேடுதல் வேண்டும். முதலில் காரணம், பின்னரே பரிகாரம் என்பது 'மருந்து' அதிகாரத்திலே திருவள்ளுவர் வகுத்த முறையுமாகும்.

நான்காவது: ஓட்டம்

இங்கேயும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வால்வுகளின் இடைவெளி, அடுத்துத் தீப்பொறி, காபரேற்றர் கடைசி. முன்னிரண்டும் பிழையாயிருக்கக் காபரேற்றரைத் திருகுவோர் ஒரு பிழையை மற்றொரு பிழையால் மறைப்பவராவர்.

நம் நாட்டிலே ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஆம் ஆண்டுடன் நின்றது. பழைய எஞ்சின்களிலே அவ்வீயம் புகைவால்வு அமரும் இருக்கைக்கு மெத்தைபோல் உதவிற்று. அஃதின்றி நெடுந்தூரம் விரைந்தோடினால் இருக்கை தேய்ந்து, வால்வு உள்ளே அமிழும். அதன் இடைவெளி தானே குறையும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் இடைவெளி குறைந்திருப்பின் அதுவே அறிகுறி. எஞ்சினின் தலைப்பகுதியை வேறு தேவைக்காகக் கழற்றும்போது கடினமான உருக்கு இருக்கைகளைப் பொருத்துவித்தல் நன்று.

இரட்டைக் காபரேற்றர்களை இசைவித்தல் இக்காரின் வேலைகளுள் இனியது. ரப்பர்க் குழாய் ஒன்றின் ஒரு நுனியைச் செவியிலும் மறு நுனியை முதலில் ஒரு காபரேற்றரின் வாயிலும் பின்னர் மற்றதன் வாயிலும் வைத்துக் கேட்க. இரண்டிலும் காற்றின் சீறல் ஒத்த சுருதியில் எழும்வரை திருகுக. காற்று ஒத்தபின்பே பெற்றோலின் அளவைத் திருத்துக.

செய்யத்தக்க மாற்றங்கள்

பழைய காரிலே புதியவற்றைப் பொருத்தலாமா என இளைஞர் பலர் எம்மை வினவுகின்றனர். பொருத்தலாம். ஆயின் ஒரு வாக்கியத்தில் எழுவாயை மாற்றினால் பயனிலையையும் மாற்ற வேண்டியிருத்தல் போல, இங்கும் ஒரு மாற்றம் மற்றொன்றை வேண்டும். மின்விசிறியைப் பூட்ட விரும்பினோம். பழைய டைனமோ தருவதோ ஏறத்தாழ 20 அம்பியர் மின்னோட்டமே; அதுவும் எஞ்சின் மெல்ல ஓடும்போது மிகக் குறையும். ஆகவே ஒல்ரனேற்றர் வேண்டியதாயிற்று. றைலியின் பற்றறியில் நேர்முனையே உடலுடன் இணைந்தது. ஒல்ரனேற்றருக்காக அதனை மாற்றி எதிர்முனையை இணைத்தோம். அதனால் கொயிலின் இணைப்பையும் மாற்றினோம். தீப்பொறிக்கான மின்னணுச் சாதனம் வாங்குவோரும் எம்முனை உடலுடன் இணைந்தது என்பதை அறிந்தே வாங்குதல் வேண்டும். கழற்றிய பழைய பொயின்ற்றை எறியாது காரிலேயே வைத்திருக்க. நள்ளிரவில் வழியிலே நிற்பார்க்கு அது துணையாகும்.

எம் அனுபவத்தில் முதலிடம் பெறத்தக்க மாற்றங்கள் மூன்று. பிறேக் திரவத்தை இரட்டைச் சுற்றாக்குதல் ஒன்று. ஒரு சுற்று ஒழுகினும் மற்றது காரை நிறுத்தும். இதனைத் தேர்ந்த பட்டறையிலே செய்வித்தோம். தாமே செய்யத்தக்கது அன்று. உறுதியான தகடு வைத்து இருக்கைப் பட்டிகளைப் பூட்டுதல் இரண்டாவது. முழுக் காருக்கும் இரண்டே பியூஸ் இருந்த நிலையை நீக்கி, முன்விளக்குகளுக்குத் தனிப் பியூஸ் இடுதல் மூன்றாவது. பெரிய எஞ்சினும் அகன்ற ரயரும் யாம் வேண்டோம். முழக்கமிட்ட அப்புகைக்குழாயையும் கழற்றிவிட்டோம்.

குறிப்புப் புத்தகம்

2020 இலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலே மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, கொட்டில்களிலே உறங்கிய பழைய கார்கள் பல விழித்தெழுந்தன. அவற்றைத் திருத்தும் இளைஞர் சிலர் எம்மிடமும் வருவர். பெரும்பாலோர் முதலிலே கேட்பது காபரேற்றரைப் பற்றியே. யாம் அவர்களுக்கு விடை கூறுமுன் ஒரு கொப்பியைக் கொடுத்து, முதற்பக்கத்தில் "நிறுத்தம்" என எழுதும்படி கூறுவோம். செய்த வேலை, செய்த நாள், அப்போது காட்டிய மைல், இட்ட பொருள் ஆகிய நான்கையும் எழுதி வைத்தால், அடுத்த கோளாறின் காரணத்தைப் பெரும்பாலும் அப்பக்கங்களே சொல்லிவிடும். நினைவு நம்மை ஏமாற்றும், மை ஏமாற்றாது.

அம்மானின் புத்தகம் நிறைந்து, இப்பொழுது இரண்டாவது புத்தகம் நடைபெறுகின்றது. சென்ற முறை பிறேக் திரவத்தை மாற்றிய நாளை அதில் எழுதியவர் எம் மகள். அன்று வல்லை வெளியிலே தாயின் கையைப் பற்றிக்கொண்டு தெருவோரத்தில் நின்ற பிள்ளை அவர். எழுதி முடித்துவிட்டு, "அப்பா, இனி ஓடலாம்" என்றார். அம்மானின் ஒழுங்கை ஒருமுறை மீண்டும் சரிபார்த்த பின்பே யாம் சாவியை எடுத்தோம்.